மெலடோனின்: அழற்சிக்கு நேரம் வகுக்கும் இரவு ஹார்மோன்

நோய்களுக்கும் நேரம் உண்டு. காய்ச்சல் பெரும்பாலும் மாலையில் ஏறும். முடக்குவாதம் உள்ளவருக்கு விடிந்ததும் விரல் மடங்காது. வெயில் ஏறிய பிறகுதான் கை வசப்படும். ஆஸ்துமா உள்ளவர் விடியலுக்கு முந்தைய நேரத்தில்தான் மூச்சு முட்டி எழுந்து உட்காருவார். இந்த மூன்றிலும் பொதுவாக இருப்பது அழற்சி. கிருமி நுழைந்த இடத்துக்கோ காயம் பட்ட இடத்துக்கோ ரத்தமும் வெள்ளணுக்களும் விரைந்து சேர்வதால் சூடு, சிவப்பு, வீக்கம், வலி உண்டாகின்றன. உயிரைக் காப்பதற்காக உடல் செய்யும் ஏற்பாடு இது. தொடங்கிய வேலை முடிந்தும் ஓயாதபோதுதான் நோயாகிறது. நாள் முழுக்க அது ஒரே அளவில் இருப்பதில்லை. மணிக்கு மணி ஏறி இறங்குகிறது.

அந்த ஏற்ற இறக்கத்தில் பங்குள்ள பொருட்களில் ஒன்று மெலடோனின். பொதுமக்கள் அதைத் தூக்க மாத்திரையின் பெயராகவே அறிந்திருக்கிறார்கள். ஆனால் கடந்த சில பத்தாண்டுகளாக நோய் எதிர்ப்பாற்றல் பற்றிய ஆய்வுக்கூடங்களில் இந்தப் பெயர் அடிக்கடி அடிபடுகிறது. அழற்சியைத் தணிக்கிறது, மூட்டைக் காக்கிறது, குடலை ஆற்றுகிறது என்று அதன் புகழ் வளர்ந்து, கடைசியில் இணையக் கடைகளின் டப்பாக்கள்மேல் வாசகமாகவும் வந்து உட்கார்ந்துவிட்டது. இதில் எவ்வளவு உண்மை? செல்லளவில் ஆதாரம் வலுவானது. மனிதர்களிடம் கிடைத்த ஆதாரம் சிறியது, கலவையானது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், மெலடோனின் அழற்சியை ஒரேயடியாக அடக்கும் பொருளாகத் தெரியவில்லை. அழற்சிக்கு நேரமும் வரம்பும் வகுக்கும் பொருளாகவே தெரிகிறது. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாமல் மாத்திரையை வாங்குவதில் பயன் குறைவு.

தலைப்பிரட்டையில் தொடங்கிய தேடல்

1917இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கேரி மெக்கார்டும் ஃப்ளாய்ட் ஆலனும் மாட்டு மூளையிலிருந்து எடுத்த பினியல் சுரப்பியின் சாற்றைத் தவளையின் தலைப்பிரட்டைகளுக்குக் கொடுத்தார்கள். கருத்த உடல் சிறிது நேரத்தில் வெளுத்து, உள்ளுறுப்புகள் வெளியே தெரியும் அளவுக்கு ஒளி ஊடுருவத் தொடங்கியது. சாற்றில் இருந்த பொருள் எது என்று கண்டுபிடிக்க நாற்பது ஆண்டுகள் பிடித்தன. யேல் பல்கலைக்கழகத்தின் தோல் மருத்துவர் ஆரன் லெர்னர், வெண்புள்ளி போன்ற நிறமாற்றங்களின் காரணத்தைத் தேடியபோது அந்தப் பழைய சோதனையைக் கையில் எடுத்தார். ஆயிரக்கணக்கான மாடுகளின் பினியல் சுரப்பிகளைச் சேகரித்து, 1958இல் மெலடோனினைத் தனியாகப் பிரித்தெடுத்தார். மனிதத் தோலின் நிறத்தை அது மாற்றவில்லை. அவர் தேடி வந்த மருந்தாக அது இல்லாவிட்டாலும், பினியல் சுரப்பி வெறும் எச்ச உறுப்பு என்ற எண்ணம் அத்துடன் முடிந்தது.

நோய் எதிர்ப்பாற்றலுடன் அதற்குள்ள தொடர்பு தெரியவர மேலும் கால் நூற்றாண்டு ஆனது. ஸ்விட்சர்லாந்தின் லொகார்னோ நகரில் ஜார்ஜ் மாஸ்ட்ரோனியும் அவருடன் பணியாற்றியவர்களும் எலிகளுக்கு மாலை வேளையில் ப்ரொப்ரனலால் கொடுத்தார்கள். ரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் இந்த மருந்து, பினியல் சுரப்பிக்கு வரும் நரம்புச் செய்தியைத் தடுத்து மெலடோனின் உற்பத்தியைக் குறைக்கும். அந்த எலிகளால் வழக்கமான அளவில் எதிர்ப்புப் புரதங்களை உண்டாக்க முடியவில்லை. மாலையில் மெலடோனின் ஊசி போட்டதும் அந்தத் திறன் திரும்பியது. 1986இல் வெளிவந்த இந்த முடிவு ஒரு துறைக்கே வாசல் திறந்தது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அன்று மெலடோனின் அறிமுகமானது நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் பொருளாக. தணிக்கும் பொருள் என்ற பெயர் பிறகு வந்தது. இரண்டும் எப்படி ஒரே பொருளுக்குப் பொருந்தும் என்ற கேள்வி இந்தத் துறையை இன்னும் விடவில்லை.

இருட்டு ரத்தத்தில் கலக்கும் வழி

மெலடோனினின் மூலப்பொருள் ட்ரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம். பால், முட்டை, பருப்பு ஆகியவற்றில் கிடைப்பது. உடல் அதை முதலில் செரடோனினாகவும் பிறகு மெலடோனினாகவும் மாற்றுகிறது. இந்த மாற்றம் எப்போது நடக்கவேண்டும் என்பதைத் தீர்மானிப்பது கண். பார்வைக்கு உதவும் செல்களுக்கு அப்பால், விழித்திரையில் மெலனாப்சின் என்ற நிறமி கொண்ட வேறொரு வகை நரம்பு செல்கள் உள்ளன. இவை குறிப்பாக நீல ஒளியை உணர்ந்து, மூளையின் அடிப்பகுதியில் உள்ள உயிர்க்கடிகாரத்துக்குச் செய்தி அனுப்புகின்றன. அங்கிருந்து செய்தி தண்டுவடம் வரை இறங்கி, கழுத்தில் உள்ள நரம்பு முடிச்சு வழியாகத் திரும்ப மேலேறி, பினியல் சுரப்பியை அடைகிறது. இருட்டியதும் அந்த நரம்பு முனைகள் நார்அட்ரினலினைச் சுரக்க, உற்பத்திக்கான நொதி விழித்துக்கொள்கிறது. கண்ணில் வெளிச்சம் பட்டால் சில நிமிடங்களிலேயே அது அடங்குகிறது.

பகலில் ரத்தத்தில் ஏறக்குறைய இல்லை என்னும் அளவுக்கு இருக்கும் மெலடோனின், நள்ளிரவுக்குப் பிறகு ஒரு மில்லிலிட்டருக்குச் சுமார் 60 முதல் 100 பிக்கோகிராம் வரை ஏறுகிறது. ஒரு பிக்கோகிராம் என்பது ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. இவ்வளவு சொற்ப அளவு எப்படி உடல் முழுவதையும் அசைக்க முடியும் என்று தோன்றலாம். ஆலையில் ஷிப்ட் மாறும்போது ஊதும் சங்கு எதையும் நூற்பதில்லை. யார் உள்ளே, யார் வெளியே என்பதை மட்டும் அது அறிவிக்கிறது. ரத்தத்தில் ஏறும் மெலடோனினின் முதல் வேலையும் அதுதான். எம்டி1, எம்டி2 என்ற இரண்டு ஏற்பிகள் அந்த அறிவிப்பைக் கேட்கின்றன. மூளையில் மட்டுமல்லாமல் ரத்தக்குழாய், குடல், கணையம், வெள்ளணு என்று பல இடங்களில் அவை இருக்கின்றன.

பினியல் சுரப்பி மட்டுமே இதைச் சுரப்பதாக முன்பு நினைத்தார்கள். குடலின் உட்சுவரிலும் மெலடோனின் ஏராளமாக உண்டாகிறது என்று இப்போது தெரியும். ஸ்பெயினின் செவில் நகர ஆய்வாளர்கள் மனித வெள்ளணுக்களே அதை உற்பத்தி செய்வதை 2004இல் காட்டினார்கள். பினியலில் உண்டாவது ரத்தத்தில் கலந்து உடலெங்கும் இரவை அறிவிக்கிறது. மற்ற இடங்களில் உண்டாவது பெரும்பாலும் அந்தந்த இடத்திலேயே செலவாகிவிடுகிறது. அழற்சியைப் பொறுத்தவரை இந்த இரண்டாவது வகை முக்கியமானது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

செல்லுக்குள் நடப்பது

ஒரு பாக்டீரியா உடலுக்குள் நுழைந்ததாக வைத்துக்கொள்வோம். மேக்ரோஃபேஜ் எனப்படும் விழுங்கு செல், அதன் மேலுறையில் உள்ள நச்சுப்பொருளைத் தன் ஏற்பியால் தொட்டு அறிகிறது. உடனே செல்லுக்குள் என்எஃப்-கப்பா பி என்ற புரதம் விடுதலையாகிறது. அதுவரை வேறொரு புரதம் அதைப் பிடித்து வைத்திருக்கும். விடுபட்டதும் அது செல்லின் உட்கருவுக்குள் நுழைந்து, டிஎன்ஏவில் குறிப்பிட்ட இடங்களில் ஒட்டிக்கொண்டு, அழற்சிக்கான மரபணுக்களை இயக்குகிறது. டிஎன்எஃப், இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6 போன்ற தூதுப் புரதங்கள் இப்படித்தான் உற்பத்தியாகின்றன. காக்ஸ்-2 என்ற நொதியும் இதில் அடக்கம். நாம் வலிக்குப் போட்டுக்கொள்ளும் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்றவை தடுப்பது இந்த வகை நொதியைத்தான்.

மெலடோனின் இந்தச் சங்கிலியில் பல கண்ணிகளைத் தொடுகிறது. முதலாவதாக, என்எஃப்-கப்பா பி டிஎன்ஏவில் ஒட்டுவதைக் குறைக்கிறது. அதனால் தூதுப் புரதங்களும் காக்ஸ்-2ம் குறைகின்றன. இரண்டாவதாக, என்எல்ஆர்பி3 என்ற புரதத் தொகுதியை மட்டுப்படுத்துகிறது. இன்டர்லூக்கின்-1 முதலில் செயலற்ற வடிவில்தான் உண்டாகிறது. அதை வெட்டிச் செயல்வடிவம் தருவது இந்தத் தொகுதி. ஸ்பெயினின் கிரனாடா பல்கலைக்கழகத்தில் தாரியோ அகூன்யா-காஸ்த்ரோவியேஹோ, ஜெர்மைன் எஸ்காமெஸ் ஆகியோரின் குழு, செப்சிஸ் எனப்படும் குருதி நச்சு உண்டாக்கப்பட்ட எலிகளின் இதயத்தில் இந்த இரண்டு பாதைகளும் கைகோத்து இயங்குவதையும், மெலடோனின் அந்த இணைப்பைத் தளர்த்துவதையும் விவரமாக ஆராய்ந்திருக்கிறது. மூன்றாவதாக, என்ஆர்எஃப்2 என்ற புரதத்தின் வழியே செல்லின் சொந்தப் பாதுகாப்பு நொதிகளைப் பெருக்குகிறது.

நான்காவது வழி மெலடோனினின் வேதியியலைச் சார்ந்தது. அழற்சியின்போது வெள்ளணுக்கள் கிருமிகளைக் கொல்ல ஃப்ரீ ராடிக்கல்கள் எனப்படும் வினைமிகு மூலக்கூறுகளை உமிழ்கின்றன. அவை கிருமியைக் கொல்வதோடு அக்கம்பக்கத்துச் செல்களின் கொழுப்புச் சவ்வையும் டிஎன்ஏவையும் சிதைக்கின்றன. சிதைந்த செல்களின் கழிவு மறுபடியும் அழற்சியைத் தூண்டுகிறது. 1993இல் டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோவில் டுன்-ஷியான் டான், ரஸ்ஸல் ரைட்டர் முதலியோர், இவற்றில் மிகக் கொடிய ஹைட்ராக்சில் ராடிக்கலை மெலடோனின் நேரடியாகப் பிடித்துச் செயலிழக்கச் செய்வதைக் காட்டினார்கள். இந்த வேலைக்கு ஏற்பி எதுவும் தேவையில்லை. மெலடோனின் சிதைந்து உண்டாகும் பொருட்களும் இதே வேலையைத் தொடர்கின்றன. மூலக்கூறு சிறியது, கொழுப்பிலும் கரையக்கூடியது. ஆகவே ஃப்ரீ ராடிக்கல்கள் அதிகம் பிறக்கும் மைட்டோகாண்ட்ரியா வரை அதனால் போய்ச்சேர முடிகிறது.

இவ்வளவையும் படிக்கும்போது இதைவிட நல்ல மருந்து வேறென்ன வேண்டும் என்று தோன்றும். அங்கேதான் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். இரவில் ரத்தத்தில் இருக்கும் மெலடோனினின் செறிவு ஒரு நானோமோலுக்கும் குறைவு. செல்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்து நடத்தும் சோதனைகளிலோ மைக்ரோமோல் முதல் மில்லிமோல் வரை ஊற்றுகிறார்கள். அதாவது உடலில் இயற்கையாக இருப்பதைப்போல் ஆயிரம் மடங்கிலிருந்து பத்து லட்சம் மடங்கு வரை. ராடிக்கலைப் பிடிக்கும் வேலை அந்த உயர்ந்த அளவுகளில்தான் தெளிவாகத் தெரிகிறது. ஏற்பியின் வழியாக நடக்கும் வேலைக்குச் சொற்ப அளவே போதும். எனவே "மெலடோனின் அழற்சியைக் குறைக்கிறது" என்று ஒரு கட்டுரை சொன்னால், எந்த அளவில், எந்த வழியில் என்று கேட்டுத்தான் அதை எடைபோட வேண்டும்.

அழற்சி இரவை நிறுத்தும்போது

மெலடோனின் அழற்சியைக் கட்டுப்படுத்துவது கதையின் ஒரு பாதி. அழற்சியும் மெலடோனினைக் கட்டுப்படுத்துகிறது என்பது மறுபாதி. பிரேசிலின் சாவோ பாலோ பல்கலைக்கழகத்தில் ரெஜினா மார்க்குஸ் தலைமையில் இயங்கிய குழு இதைக் கண்டது மகப்பேறு முடிந்த தாய்மாரிடம்.

இயல்பாகப் பிரசவித்த தாய்மாரிடம் இரவில் மெலடோனின் வழக்கம்போல் ஏறியது. அறுவை செய்து பிள்ளை பெற்றவர்களிடம் ரத்தத்தில் டிஎன்எஃப் கூடியிருந்தது. இரவில் ஏறவேண்டிய மெலடோனின் ஏறவில்லை. மார்பக அழற்சி கண்ட தாய்மாரிடமும் இதே நிலை. அவர்களின் பினியல் சுரப்பியில் கோளாறு எதுவும் இல்லை. வயிற்றில் போட்ட கத்தியின் காயம் எழுப்பிய தூதுப் புரதம் மூளை வரை போய், இரவின் அறிவிப்பைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்திருந்தது. எலிகளின் பினியல் சுரப்பியைத் தனியே எடுத்து வளர்த்து அதில் டிஎன்எஃப் சேர்த்தபோதும் மெலடோனினுக்கான நொதி குறைந்தது.

உடல் ஏன் இப்படிச் செய்ய வேண்டும்? மெலடோனின் ரத்தக்குழாயின் உட்சுவரில் வெள்ளணுக்கள் ஒட்டுவதைக் குறைக்கிறது. சாதாரண இரவில் அது நல்லது. தேவையில்லாத இடத்தில் வெள்ளணுக்கள் இறங்காது. காயம் பட்ட இரவில் அவை குழாயை விட்டு வெளியேறிக் காயத்துக்குப் போயாக வேண்டும். அதற்காக அறிவிப்பு நிறுத்தப்படுகிறது. அதே நேரத்தில் காயம் பட்ட இடத்துக்கு வந்துசேர்ந்த விழுங்கு செல்கள் தாமே மெலடோனினை உற்பத்தி செய்யத் தொடங்குகின்றன. இதே குழு, பிரசவத்தை ஒட்டிச் சுரக்கும் சீம்பாலில் உள்ள விழுங்கு செல்களும் மெலடோனினை உண்டாக்குவதைக் கண்டது. அங்கே அது கிருமியை விழுங்கவும் திசுவைக் காக்கவும் பயன்படுகிறது. அழற்சி அடங்கியதும் பினியல் தன் வேலைக்குத் திரும்புகிறது.

இந்தச் சுற்று ஒழுங்காக முடிந்தால் காயம் ஆறும். முடியாமல் நீண்டால்? கடுமையான குருதி நச்சுடன் வியன்னாவின் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த நோயாளிகளைப் பற்றி 2002இல் வெளிவந்த ஆய்வில், பெரும்பாலானோரிடம் மெலடோனினின் இரவு பகல் வேறுபாடே மறைந்துபோயிருந்தது. இரவு முழுக்க எரியும் விளக்கும் ஓயாத எந்திர ஒலியும் நோயோடு சேர்ந்துகொள்ளும் இடம் அது. நாள்பட்ட அழற்சி உள்ளவர்களின் இரவு கெடுவதற்கும், இரவு கெட்டவர்களின் அழற்சி கூடுவதற்கும் இந்த இருவழித் தொடர்பு ஒரு காரணமாக இருக்கலாம்.

மனிதர்களிடம் சோதித்தபோது

மனிதச் சோதனைகளில் பலரும் மேற்கோள் காட்டுவது இத்தாலியின் மெசினா நகரில் எலோய்சா ஜிட்டோவின் குழு நடத்தியது. குருதி நச்சு கண்ட பச்சிளங்குழந்தைகள் பத்துப் பேருக்கு வழக்கமான சிகிச்சையுடன் மொத்தம் 20 மில்லிகிராம் மெலடோனின் கொடுக்கப்பட்டது. மற்றொரு பத்துப் பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மெலடோனின் பெற்ற குழந்தைகளின் ரத்தத்தில் சிதைந்த கொழுப்பின் அளவும் அழற்சியைக் காட்டும் சி-ரியாக்டிவ் புரதமும் குறைந்தன. மெலடோனின் பெறாத பத்துக் குழந்தைகளில் மூவர் இறந்தனர். பெற்றவர்களில் ஒருவரும் இறக்கவில்லை. 2001இல் வெளிவந்த இந்த முடிவு நம்பிக்கை தருவது. ஆனால் பத்துக்குப் பத்து என்ற எண்ணிக்கையில் மூன்று மரணங்களின் வேறுபாடு தற்செயலாகவும் வரக்கூடும். பெரிய அளவில் உறுதி செய்யும்வரை இதை வழிகாட்டியாகத்தான் கொள்ள முடியும். சிகிச்சை விதியாகக் கொள்ள முடியாது.

குடலில் கிடைத்த முடிவும் இதே தரத்தது. போலந்தில் பெருங்குடல் புண் அழற்சி தணிந்த நிலையில் இருந்த 60 பேர், வழக்கமாக எடுக்கும் மெசலசீனுடன் ஓராண்டு ஆய்வில் பங்கேற்றார்கள். பாதிப் பேருக்குப் படுக்கும் முன் 5 மில்லிகிராம் மெலடோனின். மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. மெலடோனின் எடுத்தவர்களிடம் நோய் தணிந்தே இருந்தது. மற்றவர்களிடம் அறிகுறிகளும் அழற்சிக் குறியீடும் கூடின. இங்கே மெலடோனின் துணை மருந்தாக மட்டுமே இருந்தது என்பதை மறக்கக் கூடாது.

தனித்தனி ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்தும் பார்த்திருக்கிறார்கள். லாஸ் ஏஞ்சலிஸின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் இர்வின் முதலியோர் 2021இல் வெளியிட்ட தொகுப்பாய்வு 31 ஆய்வுகளையும் 1517 பேரையும் உள்ளடக்கியது. டிஎன்எஃப், இன்டர்லூக்கின் வகைகளில் சில ஆகியவை மெலடோனின் எடுத்தவர்களிடம் குறைந்திருந்தன. மருத்துவர்கள் வழக்கமாக எழுதித்தரும் ரத்தப் பரிசோதனையில் வரும் சி-ரியாக்டிவ் புரதத்தில் மட்டும் தெளிவான மாற்றம் இல்லை. மேலும், ரத்தத்தில் ஒரு குறியீடு குறைவது வேறு, நோயாளியின் வலி குறைவது வேறு.

விலங்குச் சோதனைக்கும் மனிதச் சோதனைக்கும் உள்ள வேறுபாடு மாரடைப்பில் அப்பட்டமாகத் தெரிந்தது. அடைபட்ட ரத்தக்குழாயைத் திறக்கும்போது, திரும்பப் பாயும் ரத்தமே ஃப்ரீ ராடிக்கல்களையும் அழற்சியையும் கிளப்பி இதயத் தசையைச் சிதைக்கும். விலங்குகளில் மெலடோனின் இந்தச் சேதத்தைப் பலமுறை குறைத்திருந்தது. ஸ்பெயினில் 146 நோயாளிகளிடம் ஆஞ்சியோபிளாஸ்டியுடன் சேர்த்துச் சோதித்தார்கள். 2017இல் முடிவு வந்தது: ஒட்டுமொத்தமாகப் பார்க்கையில் சேதத்தின் அளவு குறையவில்லை.

பாதகமாகும் இடங்கள்

அழற்சி நோய் என்றாலே மெலடோனின் நல்லது என்று எண்ணுபவர்கள் முதலில் முடக்குவாத ஆய்வுகளைப் பார்க்க வேண்டும். ஸ்வீடனின் ஆய்வாளர்கள் 1990 வாக்கில், மூட்டு அழற்சி உண்டாக்கப்பட்ட எலிகளை ஓயாத இருட்டில் வைத்தபோது நோய் கடுமையானதைக் கண்டார்கள். மெலடோனின் கொடுத்தபோதும் அதே விளைவு. பிரிட்டனில் முடக்குவாதம் உள்ள 75 பேரிடம் நடந்த ஆய்வில், மெலடோனின் பிரிவினர் ஆறு மாதம் இரவுதோறும் 10 மில்லிகிராம் எடுத்தார்கள். 2007இல் வெளிவந்த முடிவின்படி மூட்டுக்கு நன்மை ஏதும் கிடைக்கவில்லை; அழற்சியைக் காட்டும் சில குறியீடுகள் உயர்ந்தன. அமெரிக்காவின் டென்வர் நகரில், இரவில் ஆஸ்துமா மோசமாகும் நோயாளிகளிடம் மெலடோனின் அளவு கூடுதலாக இருந்தது 2003இல் பதிவானது.

நேர்மாறான சான்றும் உண்டு. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்பது உடலின் நோய் எதிர்ப்பாற்றலே நரம்புகளின் உறையைத் தாக்கும் நோய். அர்ஜென்டினாவின் புவனோஸ் ஐரிஸ் நகரில் இந்நோய் கண்ட 139 பேரைப் பின்தொடர்ந்தபோது, இரவு நீண்டு மெலடோனின் கூடும் இலையுதிர், குளிர் பருவங்களில் நோய் மீண்டெழுவது குறைந்தது. அழற்சியைத் தூண்டும் ஒரு வகை டி-செல்கள் உருவாவதை மெலடோனின் தடுப்பதாக அந்தக் குழு 2015இல் விளக்கியது.

ஒரே பொருள் ஓரிடத்தில் தூண்டுவதும் ஓரிடத்தில் தணிப்பதும் முரண்பாடாகத் தோன்றலாம். செவில் குழுவினர் இதற்குத் தந்த விளக்கம் எனக்கு ஏற்புடையதாக இருக்கிறது. நோய் எதிர்ப்பாற்றல் தளர்ந்திருக்கும்போது மெலடோனின் அதை எழுப்புகிறது; கட்டுமீறும்போது அதை இழுத்துப் பிடிக்கிறது. இரண்டு பக்கமும் அளவு மீறாமல் வைத்திருப்பதே அதன் வேலை என்பது அவர்கள் வாதம். அப்படியானால் அந்த உடல் எந்த நிலையில் இருக்கிறது, எந்த நோய், எந்த நேரம் என்பதைப் பொறுத்தே விளைவு அமையும்.

நேரம் என்பது வெற்றுச் சொல் அல்ல. முடக்குவாதத்தில் இன்டர்லூக்கின்-6 விடியலை ஒட்டி உச்சத்துக்குப் போகிறது. இதை வைத்தே, இரவு பத்து மணிக்கு விழுங்கினால் சுமார் நான்கு மணி நேரம் கழித்து மருந்தை வெளியிடும் ப்ரெட்னிசோன் மாத்திரையை உருவாக்கினார்கள். 2008இல் லான்செட் இதழில் வெளிவந்த ஆய்வில், அதே மருந்தைக் காலையில் எடுத்தவர்களைவிட இவர்களின் காலைநேர மூட்டு இறுக்கம் கணிசமாகக் குறைந்தது. மருந்தும் மாறவில்லை, அளவும் மாறவில்லை. கொடுத்த நேரம் மாறியது, அவ்வளவுதான்.

மாத்திரையும் டப்பாவும்

மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ரிச்சர்ட் வர்ட்மன் குழு 1990களிலேயே, 0.3 மில்லிகிராம் மெலடோனின் போதும், ரத்தத்தில் இயற்கையான இரவு அளவை எட்டிவிடலாம் என்று காட்டியது. கடைகளில் கிடைப்பதோ 3, 5, 10 மில்லிகிராம் மாத்திரைகள். 10 மில்லிகிராம் விழுங்குபவர் இரவை நிரப்பவில்லை. இயற்கை அறியாத ஓர் அளவை உடலுக்குள் செலுத்துகிறார். சில நோய்களில் அது தேவையாகலாம். அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர்.

டப்பாமேல் எழுதியிருக்கும் அளவையும் அப்படியே நம்ப முடியாது. அமெரிக்காவில் மெலடோனின் மருந்தாக அல்ல, உணவுத் துணைப்பொருளாக விற்கப்படுகிறது. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் 31 தயாரிப்புகளைப் பரிசோதித்தபோது, எழுதப்பட்டிருந்த அளவைவிட 83 சதவீதம் குறைவாக இருந்ததும் உண்டு, 478 சதவீதம் கூடுதலாக இருந்ததும் உண்டு. எட்டுத் தயாரிப்புகளில் செரடோனின் கலந்திருந்தது. 2023இல் 25 மெலடோனின் மிட்டாய்களைச் சோதித்தபோது 22இல் அளவு தவறாக இருந்தது. ஐரோப்பிய மருந்து ஆணையம் 2007இல் ஒப்புதல் தந்தது 55 வயதைக் கடந்தவர்களின் தூக்கமின்மைக்கான 2 மில்லிகிராம் மாத்திரைக்கு; அழற்சிக்கு அல்ல.

நம் வாசகர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று சர்க்கரை. கணையத்திலும் மெலடோனின் ஏற்பிகள் உண்டு. ஸ்பெயினில் ஆரோக்கியமான 21 பெண்களுக்கு 5 மில்லிகிராம் கொடுத்துக் குளுக்கோஸ் பரிசோதனை செய்தபோது, சர்க்கரையைக் கையாளும் திறன் குறைந்தது. ஆகவே சர்க்கரை நோய் உள்ளவர்கள் சாப்பாட்டை ஒட்டி இதை விழுங்குவது உசிதமல்ல. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள், மன நோய்க்கு ஃப்ளூவோக்சமின் எடுப்பவர்கள், நோய் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தில் இருப்பவர்கள், முடக்குவாதம் போன்ற தன்னெதிர்ப்பு நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

இரவைச் சரிசெய்வது

மாத்திரையில் தயங்கச் சொல்லும் இதே அறிவியல், வெளிச்சத்தைப் பற்றிப் பேசும்போது தயங்குவதில்லை. ஆய்வாளர் ஆல்ஃபிரட் லூவி 1980இல், கடும் வெளிச்சம் மனிதர்களின் மெலடோனினை அடக்குவதை முதலில் காட்டினார். வீட்டு விளக்கு அவ்வளவு பாதிக்காது என்று அப்போது கருதினார்கள். 2011இல் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 116 பேரிடம் சோதித்தார்கள். படுக்கப்போகும் முன் 200 லக்ஸுக்கும் குறைவான சாதாரண அறை வெளிச்சத்தில் இருந்தாலே, மெலடோனின் சுரக்கும் காலம் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் சுருங்கியது. தூக்கம் கெடுவதன் விளைவும் தெரிந்ததே. ஓர் இரவில் சில மணி நேரத் தூக்கத்தைப் பறித்தாலே, மறுநாள் காலையில் வெள்ளணுக்களுக்குள் என்எஃப்-கப்பா பி கூடுதலாக இயங்குவதை இர்வினின் குழு 2008இல் காட்டியது. இரவுப்பணியை உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இல் புற்றுநோயை உண்டாக்க வாய்ப்புள்ளவற்றின் பட்டியலில் சேர்த்தது. 2019இல் அதை மறுபடியும் உறுதி செய்தது.

ஆக, நீண்டநாள் அழற்சியோடு வாழ்பவர் முதலில் கேட்க வேண்டியது எத்தனை மில்லிகிராம் என்பதல்ல. படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் வீட்டில் எத்தனை விளக்கு எரிகிறது, கைப்பேசி எப்போது அணைகிறது, காலையில் வெளிச்சம் கண்ணில் படுகிறதா, தினமும் ஒரே நேரத்தில் படுத்து எழ முடிகிறதா என்பவைதான். இவற்றுக்குச் செலவு இல்லை, பக்கவிளைவும் இல்லை. இரவுப்பணி பார்க்கும் செவிலியருக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் இது தனிமனித ஒழுக்கம் சார்ந்த விஷயம் அல்ல. ஷிப்ட் அட்டவணையை அடிக்கடி மாற்றாமலிருப்பதும், இரவுப்பணிக்குப் பிறகு போதிய ஓய்வு தருவதும் அவர்களை வேலைக்கு வைத்திருப்பவர்களின் கடமை. மருத்துவமனைகளும் தீவிர சிகிச்சைப் பிரிவில் நோயாளியின் கண்ணுக்கு இரவில் இருட்டு கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மெலடோனின் அழற்சிக்கான மருந்தாக என்றாவது நிலைபெறக்கூடும். குருதி நச்சிலும் குடல் அழற்சியிலும் அதற்கான தடயங்கள் உள்ளன. ஆயிரக்கணக்கானோரிடம் நடத்தும் சோதனைகள்தான் அதை முடிவு செய்ய வேண்டும். அதுவரை, அழற்சிக்கென்று மெலடோனினைத் தாமாக வாங்கிச் சாப்பிடுவதற்கு இன்றைய ஆதாரம் போதாது. இரவில் விளக்கை அணைப்பதற்கு இருக்கும் ஆதாரமே போதும்.